சேலத்தில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறவர் வகுப்புக்கு வெளியே என்ன செய்யலாம்?

வந்த கேள்வி இது: "சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். அம்மா ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலை பார்க்கிறார். வகுப்பு, லேப், ரெக்கார்டு நோட்டு, இதைத் தாண்டி ஒன்றும் நடப்பதில்லை. ஆய்வு, இன்டர்ன்ஷிப் எல்லாம் சென்னை, பெங்களூர் மாணவர்களுக்கு மட்டும்தானா? நான் என்ன செய்யலாம்?"

இந்த மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதே கேள்வியை வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் எதிர்பார்ப்பது எந்த ஃபெல்லோஷிப், எந்த மாதம், எந்தத் தேர்வு என்கிற விவரம். அதையும் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்களாகக் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்களே அளந்து எடுத்த ஓர் எண் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் போட்டால், உங்கள் கடிதத்துக்கும் கூட வந்த ஆயிரம் கடிதங்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்தக் கேள்விக்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். லாரியில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வந்து இறங்கியதும் ஆலையில் முதலில் என்ன பார்க்கிறார்கள் என்று அம்மாவைக் கேளுங்கள். 'பாயிண்ட்' பார்ப்பார்கள். கிழங்கில் மாவு எவ்வளவு என்பதைச் சொல்லும் அளவு அது. ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் விவசாயிக்கு விலை போடுகிறார்கள். பத்து மாதம் தண்ணீர் கட்டி வளர்த்த கிழங்கின் விலை அந்த ஓர் எண்ணில் நிற்கிறது. அதனால்தான் பாயிண்ட் சரியாகப் போடவில்லை என்ற பேச்சு ஓய்வதே இல்லை.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம். மாவு தண்ணீரைவிட அடர்த்தியானது, அதனால் மாவு கூடின கிழங்கு தண்ணீருக்குள் கொஞ்சம் கூடுதலாக எடை காட்டும். கிழங்கை மண் போகக் கழுவி, காற்றில் ஒரு எடை எடுங்கள். அப்புறம் வலைக்கூடையில் போட்டு தண்ணீருக்குள் தொங்கவிட்டு இன்னொரு எடை. காற்றில் 3 கிலோ, தண்ணீருக்குள் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கிழங்கு தள்ளிய தண்ணீர் 2.7 கிலோ. 3-ஐ 2.7-ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி 1.11. ஆலை செய்வது இவ்வளவுதான், மீதி அட்டவணை.

அந்த அடர்த்தியும் உள்ளே இருக்கும் மாவும் உண்மையிலேயே கைகோத்துப் போகின்றனவா என்று பார்ப்பதில்தான் வேதியியல் வருகிறது. அதே கிழங்கைத் துருவி, சிறிதளவு எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் மாவு குளுக்கோஸாக உடையும். நடுநிலையாக்கி, ஃபெலிங் கரைசலோடு டைட்ரேஷன் செய்யுங்கள். மெத்திலீன் புளூவின் நீலம் போய்ச் செங்கல் நிறம் மட்டும் மிஞ்சும் இடம்தான் எண்ட் பாயிண்ட். கிடைத்த குளுக்கோஸை 0.9-ஆல் பெருக்கினால் மாவு. ஏன் 0.9? குளுக்கோஸின் மூலக்கூறு நிறை 180. மாவுச் சங்கிலியில் கோக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு தண்ணீரை இழந்து 162 ஆகிறது. இதை வைவாவில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். கிழங்கைக் கையில் வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு அது மறக்காது.

இப்போது கேள்வியை நீட்டுங்கள். பிடுங்கிய அன்றே ஒரு கிழங்கு, ஒரு நாள் கிடந்தது ஒன்று, மூன்று நாள் கிடந்தது ஒன்று. இரண்டு முறையிலும் அளந்தால் இரண்டு வரிசை எண்கள் கிடைக்கும். அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன? கல்லூரி லேபில் இருக்கும் பொருள்களை வைத்தே செய்து முடிக்கக்கூடிய வேலை இது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, 1981-இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. இவ்வளவு பெரிய தொழிலின் அடிப்படை அளவீட்டை நம் மாணவர்களே சரிபார்த்துப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

கிழங்கு வேண்டாம், தண்ணீர் பிடிக்கும் என்றால் அதற்கும் இங்கே வழி இருக்கிறது. சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் ரயிலில் போனால் 'மேக்னசைட் ஜங்ஷன்' என்று ஒரு நிலையம் வரும். ஒரு கனிமத்தின் பெயரையே ரயில் நிலையத்துக்கு வைத்திருக்கிற ஊர் இது. வெள்ளைக்காரர்கள் அந்தக் குன்றுகளைச் சுண்ணாம்பு என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள், நம் ஆட்கள் வெள்ளைக்கல் என்று சரியாகச் சொன்னார்கள். அது மெக்னீசியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லில் குளிர்ந்த நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைக்கும். வெள்ளைக்கல்லில் விட்டால் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். தூளாக்கிச் சூடுபடுத்தினால்தான் குமிழி கிளம்பும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் செய்து காட்டுங்கள், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

அந்தப் பகுதிக் கிணற்றுத் தண்ணீரையும், தள்ளி வேறொரு பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து வந்து கடினத்தன்மை பாருங்கள். ஐம்பது மில்லி தண்ணீர், அம்மோனியா பஃபர் ஊற்றி பி.எச். 10, எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி ஒரு சிட்டிகை. கூம்புக் குடுவை திராட்சைச் சாறு நிறத்துக்கு வரும். ப்யூரெட்டில் 0.01 மோலார் இ.டி.டி.ஏ. சொட்டுச் சொட்டாக விடும்போது சிவப்பு மங்கி, ஊதாவாகித் தயங்கி, கடைசி ஒரு சொட்டில் தெளிந்த நீலமாகும். தண்ணீரில் மெக்னீசியமே இல்லாவிட்டால் இந்த நிறமாற்றம் மந்தமாக இருக்கும், கொஞ்சம் மெக்னீசியத்தைச் சேர்க்கச் சொல்லிப் புத்தகங்கள் எழுதியிருப்பது அதனால்தான். விட்ட மில்லியை 20-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். 24.5 மில்லி என்றால் 490. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 200, வேறு வழியே இல்லாதபோது 600 வரை.

இத்தோடு நிறுத்தினால் அது பாடத்திட்டச் சோதனைதான். அடுத்த படிதான் உங்களுடையது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச். 12-க்குக் கொண்டுபோனால் மெக்னீசியம் வீழ்படிவாகிவிடும், மியூரெக்சைடு நிறங்காட்டி வைத்துக் கால்சியத்தை மட்டும் அளக்கலாம். முதல் அளவிலிருந்து இதைக் கழித்தால் மெக்னீசியம். இரண்டுக்கும் உள்ள விகிதம் கிணற்றுக்குக் கிணறு எப்படி மாறுகிறது? வெள்ளைக்கல் பக்கம் மெக்னீசியம் தூக்கலாக இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எண் வேறு மாதிரி வந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். எதிர்பார்ப்புக்கு ஏற்றாற்போல ப்யூரெட் ரீடிங்கைத் திருத்தும் பழக்கம் பல லேப்களில் இருக்கிறது. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள், நாங்களும் கண்டும் காணாமல் விடுகிறோம். எனக்கு அதைவிட வருத்தமான விஷயம் இந்தப் படிப்பில் வேறு இல்லை.

இன்னொன்று, துறையில் ஏற்காடு டூர் போவீர்கள் அல்லவா? அந்த ஒரு நாளை வீணாக்காதீர்கள். நல்ல தெர்மாமீட்டர் ஒன்று, சின்ன கேஸ் அடுப்பு, பாத்திரம், காற்றழுத்த சென்சார் உள்ள ஒரு செல்போன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்தில் ஒருமுறை, கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே வண்டி நிறுத்தப் பாதுகாப்பான இரண்டு மூன்று இடங்களில், மேலே ஏரி ஓரத்தில் ஒருமுறை என்று தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வெப்பநிலையையும் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே 99 டிகிரி பக்கம் கொதித்த தண்ணீர் மேலே 95 பக்கம் கொதிக்கும். ஏற்காட்டில் பருப்பு வேகத் தாமதமாகும் என்று அங்கே சமைக்கிறவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். அழுத்தத்தின் மடக்கையை ஒரு பக்கமும் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழியை இன்னொரு பக்கமும் வைத்துக் கோடு போட்டால், சாய்விலிருந்து தண்ணீரின் ஆவியாதல் வெப்பம் கிடைக்கும். புத்தக மதிப்பு மோலுக்கு சுமார் 40.7 கிலோஜூல். நான்கு டிகிரி வித்தியாசத்தில் அரை டிகிரி பிசகினால் விடை எட்டில் ஒரு பங்கு தள்ளிப்போகும். பிழை எங்கிருந்து வருகிறது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது வாக்குவாதம் செய்துகொண்டே வாருங்கள், இயற்பிய வேதியியல் அப்போதுதான் உள்ளே இறங்கும்.

சரி, இப்போது வெளி வாய்ப்புகள்.

உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு ஃபெல்லோஷிப். பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ் மூன்று இடங்களில் உள்ள அகாடமிகள் அவை. தேர்வானால் நாட்டின் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை. உதவித்தொகையும் பயணச் செலவும் கொடுக்கிறார்கள். அறிவிப்பு பொதுவாக அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும். ஒரு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் சிறு குறிப்பும் வேண்டும். அந்தக் குறிப்பில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். நான் மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு கோடைப் பயிற்சிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை, சிறு வயதிலிருந்தே அறிவியல் மேல் எனக்கு இருந்த ஆர்வத்தைப் பற்றி எழுதினேன். பதிலே வரவில்லை. அடுத்த வருடம் எங்கள் தோட்டத்துக் கிணற்றையும் தெருக் குழாயையும் ஒரு வருடம் மாதாமாதம் அளந்ததைப் பற்றி எட்டு வரி எழுதினேன், மழைக்குப் பிறகு எண் ஏன் இறங்கியது என்று எனக்குப் பிடிபடாததையும் சேர்த்து. அழைப்பு வந்தது. போய்ச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பேராசிரியர் கேட்டது கிணற்றைப் பற்றித்தான்.

ஐ.ஐ.டி., ஐசர், என்.ஐ.டி. பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பியும் கோடைப் பயிற்சி கேட்கலாம், டிசம்பர் ஜனவரியில் எழுதத் தொடங்குங்கள். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருடைய சமீபத்திய ஆய்வுக்கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையாவது படித்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் யார் என்று ஒரு வரி, என்ன அளந்தீர்கள் என்று மூன்று வரி, அவர் வேலையில் எது உங்களை இழுத்தது என்று இரண்டு வரி, எந்த மாதங்களில் வர முடியும் என்று ஒரு வரி. அது போதும். பத்தில் எட்டுக்குப் பதில் வராது, அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மின்வேதியியலில் விருப்பம் இருந்தால் காரைக்குடி சிக்ரியையும் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), தோல் வேதியியல் என்றால் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் மறக்க வேண்டாம். இரவு ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் இப்படிப்பட்ட தேசிய ஆய்வகங்கள் இருப்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் இளநிலை மாணவர் திட்டத்தின் வேதியியல் முகாம் முதலாம் ஆண்டில் இருப்பவர்களுக்கானது. உங்களுக்கு அது தாண்டிவிட்டது, ஜூனியர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இறுதியாண்டு வந்ததும், உங்கள் கிழங்கு வேலையையோ தண்ணீர் வேலையையோ தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு, பி.எஸ்சி. மாணவர்களுக்கு இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டு, ஆசிரியர் வழியாக அனுப்பலாம். பணம் சின்னது, ஆனால் முறையாகத் திட்டம் எழுதிப் பழகுவது பெரிய விஷயம். என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும், படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். பருவத்துக்கு ஒரு பாடம் எடுங்கள், நாலைந்து எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பாதியில் விடாதீர்கள்.

எம்.எஸ்சி. படிக்க வெளியூர் போக வேண்டுமானால் ஜாம் தேர்வு. பிப்ரவரியில் நடக்கும், செப்டம்பர் அக்டோபரில் பதிவு. 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி., திருச்சி உட்பட என்.ஐ.டி.கள் என்று பல இடங்களுக்கு இந்த ஒரு மதிப்பெண்தான் வழி. அதில் 20 கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க விடைகள் இருக்காது, நீங்களே கணக்குப் போட்டு எண்ணை இட வேண்டும், தப்பானால் மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். நோட்டில் சொந்த எண்களோடு புழங்கிய பிள்ளைகள் இந்தப் பகுதியில் தடுமாறுவது குறைவு என்பது என் அனுபவம். கேட் தேர்வையும் மூன்றாம் ஆண்டிலேயே எழுத இப்போது அனுமதி உண்டு, ஒத்திகையாக எழுதிப் பாருங்கள்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் 'தமிழ் மீடியம்' என்று குறிப்பிட்டதில் அந்தப் பயம் தெரிகிறது. 1916-இல் இந்தச் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, வேதியியல் உட்பட அறிவியல் துறைகளுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். தமிழில் வேதியியல் யோசிப்பது இந்த ஊருக்குப் புதிது கிடையாது. சோதனையைத் தமிழில் யோசியுங்கள், நோட்டில் முதலில் வாயில் வருகிற மொழியில் எழுதுங்கள். அன்று ராத்திரியே அதே பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஐந்து எளிய ஆங்கில வரிகளில் திருப்பி எழுதுங்கள். என்ன எடுத்தேன், என்ன சேர்த்தேன், என்ன பார்த்தேன், எவ்வளவு வந்தது, என்ன புரியவில்லை. ஆறு மாதத்தில் உங்கள் மின்னஞ்சல் ஆங்கிலம் தானாகத் தேறிவிடும். விஞ்ஞானிகள் எழுதும் ஆங்கிலமும் பெரும்பாலும் அந்த ஐந்து வரிதான்.

துறையில் வேதியியல் மன்றம் பெயரளவில் இருக்கும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்குக் கோலப்போட்டியும் பேச்சுப்போட்டியும் வைப்பதற்குப் பதிலாக, பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய் அயோடின் பாட்டிலும் வீட்டுச் சமையல் பொருள்களும் வைத்து ஒரு மணி நேரம் நடத்துங்கள். பாலில் மாவு கலந்திருந்தால் நீலம், மஞ்சள் தூளில் மெட்டானில் மஞ்சள் என்கிற சாயம் இருந்தால் அமிலம் பட்டதும் கருஞ்சிவப்பு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையோடு சேர்ந்தால், குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தயாராகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகவும் இருக்கலாம். மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பது வெளியே வரும்.

தொழிற்சாலை பார்க்கப் போவதும் அப்படித்தான். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை, மேட்டூரில் காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் ரசாயன ஆலைகள், நகருக்குள் கொலுசுப் பட்டறைகள் என்று நமக்குக் குறைவே இல்லை. வரிசையில் நடந்துபோய் குரூப் போட்டோ எடுத்துத் திரும்பினால் பயனில்லை. தரக்கட்டுப்பாட்டு லேபில் பத்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். அங்கே இருக்கும் கெமிஸ்டிடம், ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள், எண் சந்தேகமாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வேலைக்குப் போவதாக இருந்தால் உங்கள் நாற்காலி அதுதான். பெருந்துறை சாயம், ஓசூர் மருந்து என்று சுற்றுவட்டாரத்தில் பி.எஸ்சி. முடித்தவர்கள் முதலில் நுழைவது தரக்கட்டுப்பாடு வழியாகத்தான். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்கும் மாசுக்கட்டுப்பாடு, தடய அறிவியல் துறைகளுக்கும் பெரும்பாலும் எம்.எஸ்சி. கேட்பார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளைக்கல் வேண்டும் என்று கைவிட்ட சுரங்கக் குழிகளுக்குள் இறங்காதீர்கள், தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் ஆழம் மேலிருந்து தெரியாது. கல் வேண்டுமானால் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிச் சுரங்க நிறுவனத்திடமே கேளுங்கள். அமிலம் சேர்ந்த எந்தச் சோதனையையும் வீட்டில் செய்ய வேண்டாம். லேப் அட்டெண்டரிடம் மரியாதையாகப் பேசி, வாரத்தில் ஒரு நாள் வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் லேப் திறந்திருக்க ஆசிரியர் முன்னிலையில் அனுமதி வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். இதுவரை யாரும் கேட்காததால்தான் பூட்டியிருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது இரண்டு ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துப்போங்கள். எந்தத் தண்ணீரைப் பிடிக்கப்போகிறீர்களோ அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மோட்டார் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள், குழாயில் தேங்கிய தண்ணீர் வேண்டாம். ஒட்டிய தாளில் கிணறு யாருடையது, எவ்வளவு ஆழம், தேதி, நேரம், கடைசியாக மழை எப்போது பெய்தது, ஐந்தையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் போய்விடும். கிழங்கும் செய்வதாக இருந்தால், எந்தத் தோட்டத்துக் கிழங்கு, என்றைக்குப் பிடுங்கியது என்று அம்மா மூலமாகக் கேட்டு வாங்கி வாருங்கள். முதல் மூன்று டைட்ரேஷன் எண்கள் ஒன்றுக்கொன்று 0.1 மில்லிக்குள் வரும்வரை அடுத்த சாம்பிளுக்குப் போகாதீர்கள். வந்ததும் எழுதுங்கள், கணக்கை நானும் சேர்ந்து பார்க்கிறேன்.